ஐந்து ரோட்டு டிடிபி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே, அண்ணன்மார்களே, அக்காமார்களே,

நம் தாவரவியல் சாருக்காகப் போட்ட தேசிய நல்லாசிரியர் விருது விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதிவு எண்ணும் வந்துவிட்டது. நேற்று ராத்திரி அந்த எண்ணை நம் பழைய மாணவர் குழுவில் போட்டதும் நீங்கள் அனுப்பிய வாழ்த்துகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தப் பொது மடல்.

கடைசி வாரம் என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கியது, யார் கையெழுத்துக்காக யார் வாசலில் நின்றோம் என்பதையெல்லாம் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

"விருதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்ட ஜூனியர்களுக்காக மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் தினத்தன்று குடியரசுத் தலைவர் தரும் தேசிய நல்லாசிரியர் விருது ரொம்ப காலம் பள்ளி ஆசிரியர்களுக்குத்தான் இருந்தது. 2023 முதல் கல்லூரி, பல்கலைக்கழக, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் தருகிறார்கள். சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். முதல் வருடம் உயர்கல்விப் பக்கம் நாடு முழுவதற்கும் 13 பேர், 2024இல் 16 பேர். நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், குறைந்தது 5 வருடம் பாடம் எடுத்திருக்க வேண்டும், வயது 55ஐத் தாண்டக் கூடாது. இந்த மூன்றாவது விதிதான் நம் கழுத்தைப் பிடித்தது. சாருக்கு இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் கிடையாது.

கிடைக்குமா என்று தெரியாது. அத்தனை பேரில் ஒரு தாவரவியல் வாத்தியார், அதுவும் சேலத்துக் கல்லூரியிலிருந்து! சார் சம்மதித்ததே பெரிய விஷயம். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார். பொன்னாடை போர்த்திக்கொள்கிற போட்டோ ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாதாம். அவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இனி அக்காவின் கதை.

கோப்பில் இருந்த தாள்களை எல்லாம் சேர்த்து, பிடிஎஃப் ஆக்கி, அளவைக் குறைத்துத் தரச் சொல்லித்தான் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் இருக்கும் அந்த டிடிபி கடைக்குப் போனேன். நம் கல்லூரியில் படித்தவர்கள் எல்லோருக்கும் அந்தக் கடை தெரியும். பிராஜெக்ட் டைப் அடிக்க, பைண்டிங் போட, மார்ச் மாதத்தில் வரிசையில் நின்றிருப்பீர்கள். கடையை நடத்தும் அக்காவின் பெயரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். "பேரு போட்டா நாளைக்கே எல்லாரும் ஓசியில ஸ்கேன் பண்ண வந்துருவாங்க" என்பது அவர் சொன்ன காரணம்.

நான் கொண்டுபோன கோப்பு கனமாகத்தான் இருந்தது. கருத்தரங்கச் சான்றிதழ்கள், ஆய்வுக் கட்டுரைகள், பயிற்சி முகாம்கள், தேர்ச்சி விகிதம், மாணவர் கருத்துப் படிவங்களின் சராசரி. எல்லாம் பக்க எண்ணோடு, முத்திரையோடு இருந்தது. அக்கா ஒவ்வொரு தாளாக ஸ்கேனரில் வைத்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் நிறுத்திவிட்டு, "ஏங்க தம்பி, இது எதுக்கு விருது?" என்றார்.

"நல்லா பாடம் எடுக்கறவங்களுக்குங்க்கா."

"அப்ப இதுல சார் பாடம் எடுக்கறது எங்க இருக்குது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விருதின் விதிமுறையைப் பார்த்தால் கற்பித்தலின் பயனுக்கும் கல்லூரிக்கு வெளியே செய்யும் சமூகப் பணிக்கும்தான் அதிக எடை. ஆராய்ச்சி அதற்கு அப்புறம்தான். ஆனால் கற்பித்தலைத் தாளில் காட்டுவது எப்படி? வகுப்பறையில் நடந்தது மணி அடித்ததும் போய்விடுகிறது. மிஞ்சுவது வருகைப் பதிவேடும் மதிப்பெண் பட்டியலும்தான். ஐந்துக்கு நாலே முக்கால் என்று ஒரு சராசரி எண் எந்த ஆசிரியருக்கும் வரலாம். உள்மதிப்பீட்டு மார்க் கையில் வருவதற்கு முன் படிவம் நிரப்பச் சொன்னால், பிள்ளைகள் யாருக்குத்தான் குறைத்துப் போடுவார்கள்?

அக்கா எழுந்து போய் லேமினேஷன் மிஷினுக்குக் கீழே இருந்து ஒரு பெரிய துணிக்கடைப் பையை இழுத்தார். உள்ளே கட்டுக்கட்டாகக் கையெழுத்துத் தாள்கள். ஓரமெல்லாம் பச்சை மை.

சாரிடம் பிராஜெக்ட் செய்தவர்களுக்குப் பார்த்த உடனே புரிந்திருக்கும். புதிய படியைக் கொடுக்கும்போது பழைய படியையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால் வாங்க மாட்டார். அதனால் டைப் அடிக்கக் கொடுத்த தாளைத் தேடி மறுநாளே ஓடிவருவோம். எறிந்துவிட்டால் பிள்ளைகள் கடையில் நின்று அழுவதைப் பார்த்து, பச்சை மை இருக்கிற தாள் எதுவாக இருந்தாலும் அந்தப் பையில் போட்டு வைப்பது அக்காவுக்குப் பழக்கமாகிவிட்டது. கடைசிப் படிக்கு முந்தைய படிகளை யாரும் திரும்பி வந்து கேட்பதில்லை. அவை அப்படியே தங்கிவிட்டன, வருடக் கணக்காக.

"மத்த டிபார்ட்மென்ட் பசங்க பென் டிரைவ் கொண்டாருவாங்க. போன வருசத்து ஃபைலு. பேரையும் ரெஜிஸ்டர் நம்பரையும் மாத்துங்கக்கான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க. உங்க சார் பசங்க மட்டும் ஒரே பக்கத்த நாலு தடவ அடிக்க வெப்பாங்க. கரெக்சனுக்குக் காசு வாங்க முடியுமா? அந்த மாசம் முழுக்க நான் உங்க சாரத் திட்டாத நாளே இல்ல" என்றார். பல வருடத்துக் கோபம், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்புறம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். எந்தத் தாளைச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. ஒரே பையன் எழுதிய ஒரே பக்கத்தின் முதல் படி, இரண்டாம் படி என்று ஜோடி ஜோடியாக எடுத்து அடுக்கினார். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய மரம் ஒன்று உண்டு, வெர்னோனியா ஷெவராயென்சிஸ். அதைப் பற்றித் தமிழ் வழியில் படித்த ஒரு மாணவர் முதல் படியில், "இம்மரம் அரிதானது, அழிவின் விளிம்பில் உள்ளது, இதனைப் பாதுகாப்பது நமது கடமை" என்று எழுதியிருக்கிறார். ஓரத்தில் பச்சை மையில் சாரின் கேள்வி: "நீ பார்த்ததா, படித்ததா? எத்தனை மரம்?"

இரண்டாம் படி இப்படி இருக்கிறது: "சேர்வராயன் கோயில் போகும் வழியில் காலை முதல் மாலை வரை தேடினோம். ஒரு மரமும் எங்கள் கண்ணில் படவில்லை. இலை போலத் தோன்றிய ஒன்றைச் சாரிடம் காட்டினோம். அது வேறு செடி." அதன் கீழே சார் எழுதியது: "இப்போதுதான் இது அறிக்கை. தேடிய இடங்களை வரைபடத்தில் குறி."

அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, நான் எழுதியிருந்த நான்கு பக்கப் பரிந்துரை உரையைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. (போடவில்லை. அதில் முத்திரை வாங்கியிருந்தோம்.)

ஸ்கேன் செய்வதற்கு முன்னால் ஒவ்வொரு தாளிலும் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிற இடத்தை வெள்ளைத் தாள் துண்டு வைத்து மறைத்தார் அக்கா. நான் சொல்லவே இல்லை. "அதுங்க எழுதுன தப்பை டெல்லிக்காரங்க எதுக்குப் பாக்கணும்?" என்றார். இடையில் ஒரு தட்டுவடை செட் வாங்கிவரச் சொல்லி, ஆளுக்குப் பாதி தின்றோம். காசு எவ்வளவு என்று கேட்டதற்குப் பேப்பர் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். "திட்டுனதுக்குக் கழிஞ்சுது" என்றார்.

அக்கா எங்கள் கல்லூரியில் படித்தவர் இல்லை. சாரிடம் நேரில் பேசியதும் கிடையாதாம். ஒரு வாத்தியார் எப்படிப்பட்டவர் என்று கல்லூரிக்குத் தரம் போட வரும் தரச்சான்றுக் குழுவுக்குத் தெரியும், துறைத்தலைவருக்குத் தெரியும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் மாணவர்களின் தாளைத் தினமும் கையில் வாங்குகிறவரிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விண்ணப்பத்தில் அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெட்டியும் இல்லை. "பிற சான்றுகள்" என்ற இடத்தில்தான் அந்தத் தாள்களை வைத்தோம்.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாமல் ஒரே மூச்சில் வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் வந்து அலுவலகத்தைத் திறந்துவிட்ட ஊழியர், சாருக்குத் தெரியாமல் பழைய பணி ஆணைகளை எடுத்துத் தந்த சாரின் வீட்டம்மா, ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாகக் கடிதம் எழுதி அனுப்பிய சீனியர்கள், தங்கள் பழைய தாள்களைச் சேர்க்கலாம் என்று போனிலேயே சம்மதம் தந்தவர்கள் (ஒருவர் நாமக்கல் லாரி ஷெட்டில் கணக்கு எழுதிக்கொண்டே, "அய்யோ, அந்தப் பக்கமா, அதில எழுத்துப்பிழை நிறைய இருக்குமே" என்றார்), ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் எங்கள் களப்பயணப் பதிவுக்குக் கையெழுத்து வாங்கிவந்த தம்பி, எல்லோருக்கும்.

ஒருவரை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்க மனமில்லை. துறையில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர் மேடம். மாணவர் கருத்துகளையெல்லாம் தொகுத்துக் கொடுத்தவர் அவர்தான். பிள்ளைகளை ஏற்காட்டு ஆர்க்கிட் காப்பகத்துக்குக் கூட்டிப்போய், ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் நிறுத்தி வரையச் சொல்கிறவரும் அவர்தான். நிரந்தரப் பணி என்ற விதி இருக்கும்வரை அவர் பெயரை இந்த விருதுக்கு யாரும் அனுப்ப முடியாது. அவருக்கு வயது இருக்கிறது, தகுதி இருக்கிறது, பணி ஆணைதான் இல்லை. இன்னொருவருடைய விண்ணப்பத்துக்காக அவர் உட்கார்ந்து படிவங்களைக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் இங்கே பேசுகிறேன்.

குழுவில் சிலரிடம் பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த வருடம் கடைசி வாரத்தில் ஓடப் போவதில்லை. தகுதியுள்ள ஓர் ஆசிரியரை ஆனி மாதத்துக்குள் தேர்ந்தெடுப்போம். மேடம் போல விதிக்குள் வராதவர்களுக்கு நாமே ஒரு கடிதம் எழுதி, பழைய மாணவர்கள் கையெழுத்துப் போட்டு, கல்லூரி முதல்வரிடமும் பல்கலைக்கழகத்திடமும் கொடுப்போம். அதற்கு மதிப்பு இருக்கிறதோ இல்லையோ, அவர்கள் கோப்பில் ஒரு தாள் இருக்கும்.

அதற்கு உங்களிடம் கேட்பது இதுதான். பரணில் கிடக்கும் பழைய ரெக்கார்டு நோட்டு, திருத்திய அசைன்மென்ட், ஓரத்தில் ஆசிரியர் ஏதாவது கிறுக்கிய தாள் எதுவானாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். எந்த ஆசிரியர், எந்த வருடம் என்று பென்சிலில் எழுதி, ஐந்து ரோட்டுக் கடையில் கொடுத்துவிடுங்கள். அக்கா வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மார்ச் மாதத்தில் மட்டும் வர வேண்டாமாம்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்