ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பொதுக்கணக்குத் தேர்வு வையுங்கள்

கடலூர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இந்த மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 29 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கடலூர் முதுநகரில் குடியிருக்கிறேன். போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். தேவனாம்பட்டினத்துப் பெண். கணவருடைய படகுக்கு எஞ்சின் மாற்ற 50,000 ரூபாய் தேவைப்படுகிறது. கையில் நகை இருக்கிறது. அதை வங்கியில் வைக்கலாமா, தெரிந்தவரிடம் கடன் வாங்கலாமா என்று கேட்க வந்தாள். ஆனால் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "பேங்க்ல ஒன்பது வட்டி சொல்றாங்க டீச்சர், இவரு மூணு வட்டிதான் கேக்குறாரு" என்றாள்.

மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். 50,000க்கு மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. வங்கி சொல்லும் ஒன்பது ஆண்டுக்கு. அதே 50,000க்கு 4,500தான் வரும். மூணு வட்டி மாதக் கணக்கு என்பது அவளுக்குத் தெரியும். வங்கி சொன்ன ஒன்பதும் மாதத்துக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத யாரும் சொல்லித்தரலையே டீச்சர்" என்றாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் 71 வாங்கியவள் அவள். அவளுக்குப் பாடம் நடத்தியவள் நான்.

அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பள்ளி திறந்து சில வாரங்களில், அந்த ஆண்டுப் பாடத்தைத் தொடாத ஒரு பொதுக்கணக்குத் தேர்வு வையுங்கள். பின்னம், தசமம், விழுக்காடு, வட்டி, அளவு, நேரம், தோராயமாகக் கணிப்பது, ஓர் அட்டவணையைப் பார்த்துப் புரிந்துகொள்வது, இவ்வளவுதான். பிள்ளைக்கு எது தெரியவில்லை என்று பிள்ளையும் ஆசிரியரும் தெரிந்துகொள்வதற்கு மட்டும் அந்தத் தேர்வு இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பில்தான் பொதுத்தேர்வு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தத் தேர்வில் என்ன நடக்கிறது என்பது என் தோழர்களுக்குத் தெரியும், இருந்தாலும் பெற்றோருக்காகச் சொல்கிறேன். கணக்குத் தாள் 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாக 16. ஆக 30 வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு, கணங்களின் பெருக்கலைச் சரிபார்க்கும் ஒன்றை மனப்பாடமாகப் போட்டுவிட்டால் 35. மெல்லக் கற்கும் பிள்ளைகளை மாலை வகுப்பில் உட்காரவைத்து இந்த வழியில்தான் தேர்ச்சி பெறவைத்தேன். ஆண்டுதோறும் செய்தேன். தேர்ச்சி பெற்ற பிள்ளை தோற்றுப்போன பிள்ளையைவிட நல்ல இடத்தில் இருக்கிறது என்பதால் அதற்காக வருத்தப்படவில்லை. ஆனால் அந்த 35இல் ஒரு மதிப்பெண்கூட, கடையில் 20 விழுக்காடு தள்ளுபடி என்றால் எவ்வளவு என்று கேட்டு வந்ததில்லை.

இதற்குப் பாடத்திட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது. விழுக்காடு, இலாப நட்டம், தள்ளுபடி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும் எல்லாம் எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ என்ற இயலில் வருகின்றன. நல்ல இயல் அது. ஆனால் ஒன்பதுக்குப் போனதும் கண மொழி, மெய்யெண்கள், இயற்கணிதம், முக்கோணவியல் என்று பாதை மாறிவிடுகிறது. வட்டிக்கும் விழுக்காட்டுக்கும் என்று தனியாக ஓர் இயல் பத்தாம் வகுப்பு முடியும்வரை வருவதில்லை. எட்டில் அரைகுறையாக விட்டதைப் பிறகு யாரும் கேட்பதில்லை. பதின்மூன்று வயதில் கடன் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைக்குக் கூட்டுவட்டியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருக்கிறோம்.

பிள்ளைகள் செய்யும் தவறுகளைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேலை வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 618ஐ 6ஆல் வகுக்கச் சொன்னால் 13 என்று எழுதும் பிள்ளைக்கு வகுக்கத் தெரியவில்லை என்று எழுதிவிடுவோம். அவனுக்கு வாய்ப்பாடு தெரியும், வகுக்கும் முறையும் தெரியும். நடுவில் ஒன்றை ஆறால் வகுக்க முடியாதபோது ஈவில் ஒரு பூஜ்ஜியம் போட வேண்டும் என்பது மட்டும்தான் தெரியாது. இரண்டு நாளில் சரிசெய்யக்கூடிய குறை. 0.5 பெரியதா 0.35 பெரியதா என்றால் 0.35 என்பாள் ஒருத்தி, 35 பெரிய எண்ணாயிற்றே. 10.45க்குக் கிளம்பும் பேருந்து ஒன்றரை மணி நேரம் ஓடினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று ஒருமுறை கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் 11.75 என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் பலர் தினமும் பேருந்தில் வருகிறவர்கள். 400 ரூபாய்ப் பொருளின் விலையை 20 விழுக்காடு ஏற்றி, பிறகு 20 விழுக்காடு இறக்கினால் பழையபடி 400தான் என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் எழுதுவார்கள். விடை 384.

பின்னம்தான் இருப்பதிலேயே கடினம். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் ஏழில் இரண்டு என்று பத்தாம் வகுப்பிலும் எழுதுவார்கள். நம் மாவட்டம் முந்திரிக்குப் பேர்போனது. பழைய தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கின் பெயரும்கூட. கால், அரைக்கால், வீசம் என்று பங்கு பங்காகப் பெயர் வைத்து, திண்ணைப் பள்ளிகளில் அதைத் தினமும் சொல்லவைத்திருக்கிறார்கள். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் பொதுவான பகுதியை எடுப்பது ஏன் என்று கேட்க ஆரம்பிப்பார்கள்.

இந்தக் குறை நம் பள்ளிகளுக்கு மட்டும் உள்ளது என்று யாரும் நினைக்க வேண்டாம். கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை ஆய்வு செய்யும் அசர் அமைப்பு 2023இல் 26 மாநிலங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் சென்று பார்த்தது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் சரியாக வகுத்தவர்கள் 43.3 விழுக்காடு. ஒரு பொருளை அளவுகோலின் பூஜ்ஜியத்தில் தொடங்கி வைத்தபோது ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் நீளத்தைச் சரியாகச் சொன்னார்கள். அதையே கொஞ்சம் நகர்த்தி வேறு இடத்தில் தொடங்கி வைத்தபோது 39 விழுக்காட்டினர்தான் சொன்னார்கள். அளவுகோல் அதே, பொருளும் அதே. இதைப் படித்தபோது என் வகுப்பறை அப்படியே கண்முன் வந்தது.

தேர்வுகளுக்கு இங்கே பஞ்சமில்லைதான். எட்டில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு, ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. இரண்டும் நல்லவை, ஏழைப் பிள்ளைகளுக்குப் பணம் தருபவை. ஆனால் அவை சிலரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள். 2017, 2021 ஆண்டுகளில் தேசிய அடைவு ஆய்வு நடந்தது, அதன் தொடர்ச்சியாக 2024 டிசம்பரில் பரக் ஆய்வு நடந்தது. அவை மாதிரி ஆய்வுகள். மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் எண்களைத் தரும், எழுதிய பிள்ளையிடம் தாள் திரும்பி வராது. 2025இல் நம் பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பது வரை ‘திறன்’ இயக்கத்தைத் தொடங்கியது. அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து கைகொடுப்பது அதன் வேலை. அதை மனமார வரவேற்கிறேன். இருந்தாலும் என் 71 மதிப்பெண் மாணவி அந்தப் பட்டியலில் வந்திருக்க மாட்டாள். கூட்டத் தெரியும், பெருக்கத் தெரியும், எங்கே எதைப் பெருக்க வேண்டும் என்பதுதான் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை வெளியில் சொன்னதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பிள்ளைகளின் அடிப்படைத் திறனைப் பார்க்க மேலிருந்து ஒரு தேர்வு வந்தது. நம் பள்ளியின் எண் குறைவாகப் போகக்கூடாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. நான் பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டு கேள்விகளுக்கு விடையைக் கரும்பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சாதானே சொல்லித்தருவாங்க?" என்று கேட்டான். உட்காரச் சொன்னேன். எங்கள் பள்ளிக்கு நல்ல எண் கிடைத்தது. அந்தப் பையனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. எந்தப் பள்ளி, யார் சொன்னது என்பது முக்கியமில்லை. பள்ளிகளை வரிசைப்படுத்துவார்கள் என்ற பயம் இருக்கும் இடத்தில் இதுதான் நடக்கும்.

அதனால்தான் நான் கேட்கும் தேர்வில் பள்ளிகளின் பட்டியல் வேண்டாம். தேர்ச்சி, தோல்வி வேண்டாம். மதிப்பெண்ணைத் துறையின் எமிஸ் இணையப் பதிவில் ஏற்றச் சொல்ல வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு நிலவரம் தெரிய வேண்டுமானால் நூறு தாளுக்கு ஒன்றை எடுத்துப் பாருங்கள், போதும். நான்கில் சரியானதைத் தேர்ந்தெடு என்ற வகைக் கேள்விகளும் வேண்டாம். வட்டத்தைக் கறுப்பாக்கும் தாளில் பிள்ளை எப்படி யோசித்தது என்று ஆசிரியருக்குத் தெரியாது. முப்பது கேள்வி, ஒரு மணி நேரம். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் செய்து பார்க்க இடம், அழிக்கக்கூடாது என்று ஒரு வரி. திருத்திய தாள் பிள்ளையின் கைக்கே திரும்பிப் போக வேண்டும்.

கேள்விகள் இந்த மண்ணிலிருந்தே வரட்டும். 12 கிலோ பலாப்பழத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சுளை. பழத்தை அப்படியே கிலோ 30 ரூபாய்க்கு விற்பதா, உரித்துச் சுளையைக் கிலோ 150க்கு விற்பதா? பண்ருட்டிப் பிள்ளை இதை யோசித்துப் போடும். படகில் 24,000 ரூபாய்க்கு மீன் கிடைத்தது. டீசலுக்கும் ஐசுக்கும் 9,000 போக, மீதியில் பாதி படகுக்கு, பாதி ஐந்து பேருக்கு. ஆளுக்கு எவ்வளவு? காய்ச்சல் மருந்து ஒரு வேளைக்கு 5 மில்லி, நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள். 60 மில்லி பாட்டில் ஒன்று போதுமா? ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, மூன்று சென்ட் மனை எத்தனை சதுர அடி? வீட்டில் அப்பா அம்மாவும் உட்கார்ந்து பேசக்கூடிய கேள்விகள் இவை.

ஜூலையில் வையுங்கள். தீபாவளிக்குப் பிறகு நம் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் மழையின் கையில் இருக்கிறது. 2011 ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் எல்லாம் நமக்குச் சொல்லித்தந்தது அது. ஜூலையில் வைத்தால் காலாண்டுத் தேர்வு வரை வாரத்துக்கு இரண்டு பாடவேளை, கண்ட குறைகளைச் சரிசெய்வதற்கென்று ஒதுக்கலாம். போர்ஷன் முடியாது என்பார்கள் தோழர்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனால் தசமம் நன்றாக வந்த வகுப்பில் அளவியலை எனக்கு வழக்கமான நாட்களில் பாதியில் முடிக்க முடிந்தது. தசமம் வராத வகுப்பில் கூம்பின் கனஅளவு கண்டுபிடிக்கும்போதெல்லாம் பெருக்கலில் சிக்கி நின்றோம். ஒன்பதில் பொதுத்தேர்வும் இல்லை. ஆசிரியருக்கு அந்தப் பதினைந்து பதினாறு பாடவேளைகளைத் தருகிறோம் என்று உங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தால் போதும், மீதியை அவர்கள் செய்வார்கள்.

தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம், பாகூரிலிருந்தும் என்னிடம் கணக்குக் கேட்கப் பிள்ளைகள் வருகிறார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டம். பத்தாம் வகுப்பில் கணக்கு அடிப்படை நிலையா, வழக்கமான நிலையா என்று அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பாடத்திட்டம் வேறு, புத்தகம் வேறு, 11.75 மணி மட்டும் இரண்டு கரையிலும் ஒன்றாகவே இருக்கிறது. நாம் ஒரு நல்ல தாளைத் தயாரித்தால் அவர்களுக்கும் கொடுக்கலாம்.

கேள்வித்தாள் எழுத ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். திருத்த ஆள் போதவில்லை என்றால், முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் என்னைப்போல் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்கள் நான்கைந்து பேர் எனக்குத் தெரியும். கேட்டுவிட்டேன், அவர்களும் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பள்ளி என்று சொல்லுங்கள், காலை ஒன்பது மணிக்கு அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
கடலூர் முதுநகர்