ஹேண்டில் பார் மாற்றினால் கேபிளையும் மாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் பழைய புல்லட், யெஸ்டி, 1996ஆம் ஆண்டோடு நின்றுபோன ஆர்.எக்ஸ். 100 ஆகிய மோட்டார் சைக்கிள்களை இன்றும் அன்றாடம் ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். இவர்களில் முதுகுவலி உள்ள பெரியவர்கள் உயரமான ஹேண்டில் பாரையும், இளைஞர்கள் தாழ்வான பாரையும் பொருத்திக்கொள்கிறார்கள். குனிந்து ஓட்டி உடல் நோகிறவர் நிமிர்ந்து உட்கார விரும்புவது நியாயமான தேவைதான். ஆனால், அந்த வேலை சில பட்டறைகளில் நடைபெறும் விதம் எனக்கு மிகுந்த கவலையளிப்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த வண்டிகளில் முன் பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் மூன்றும் கேபிளால் இயங்குபவை. பார் உயர்ந்தால் கேபிளும் அதற்கேற்ப நீளமாக வேண்டும். அவ்வாறு மாற்றாமல், பழைய கேபிளையே வளைவின்றி இழுத்து மாட்டிவிட்டால், வண்டி நேராக நிற்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்; கடைத்தெரு நெரிசலில் பாரை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடிக்கும்போதுதான் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபட்டு, கை முறுக்காமலேயே இன்ஜின் வேகம் பிடிக்கும். அந்த நொடியில் எதிரே ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்பதைப் பட்டறைக்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிள் விறைத்து நின்றால் லிவரில் இருக்க வேண்டிய சிறு தளர்வு இல்லாமல் போய், கிளட்ச் வழுக்கி, பிளேட் விரைவில் தேய்ந்துவிடும். நீளமான கேபிளை உள்ளூரிலேயே செய்து வாங்கலாம். ஆனால், நுனியிலுள்ள உலோகக் குமிழான நிப்பிளைச் சரியாகப் பற்றவைக்காத கேபிள் அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது கழன்று வந்துவிடும் என்பதால், அதை இழுத்துச் சோதித்த பிறகே மாட்ட வேண்டும். ஹாரன், விளக்கு ஒயர்களும் இழுபடாமல், நசுங்காமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

தாழ்வான பாரில் தொல்லை வேறு வகையானது. முழுவதும் திருப்பும்போது பிடி பெட்ரோல் டேங்கில் இடித்து, விரல் இடையில் சிக்கக்கூடும்.

இவை எல்லாவற்றிலும் கொடியது, பழைய பாரை வெட்டி, இடையில் குழாய் வைத்து வெல்டிங் செய்து உயர்த்துவது. ஓட்டுபவரின் கைப்பாரத்தையும் சாலையின் அதிர்ச்சியையும் ஓயாமல் தாங்கும் அந்த ஒட்டு முறிந்தால், வண்டியைத் திருப்ப வேறு வழியே இல்லை. 22 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாரை இறுக்கிப் பிடிப்பதற்கான கிளாம்ப்பில், நடுப்பகுதி 28 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த புதுவகைப் பாரைத் திணிப்பதும் கூடாது.

சட்டத்தின் நிலையையும் வண்டி வைத்திருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தருகிறது. உடல்நலத்திற்காகப் பாரைச் சிறிது உயர்த்திக்கொள்ளும் முதியவர் இந்த விதிகளுக்குள் எங்கே நிற்கிறார் என்பதை அவர் எளிதில் தெரிந்துகொள்ளும் வகையில் போக்குவரத்துத் துறை தமிழில் ஓர் அறிவிப்பை வெளியிட வேண்டும்.

பதினைந்து ஆண்டுகள் முடிந்த வண்டிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்கு வருகின்றன. அப்போது இன்ஜினை ஓடவிட்டு, பாரை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்பி, ஓட்டத்தின் சத்தம் மாறுகிறதா, பிடி டேங்கில் இடிக்கிறதா என்று பார்க்குமாறு ஆய்வாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைப் பட்டறைக்காரர்களும் வண்டியை ஒப்படைக்கும் முன் உரிமையாளரின் கண்முன்னே செய்து காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி.