சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை ஸ்பேர்ஸ் கடைக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்: இருக்கிற சரக்க துருவுக்கு விட்டுடாதீங்க

அண்ணன்மாருக்கும் பாய்மாருக்கும் வணக்கம்.

பழைய வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு உங்க கடைங்கள விட்டா வேற போக்கிடம் கிடையாது. அம்பாசடர் கல்கத்தா பக்கத்து உத்தர்பாரா ஃபேக்டரில 2014 மே மாசத்தோட நின்னுச்சு, பத்மினி அதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுடுச்சு, நம்ம வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, கெஸல், கடைசில வந்த ஸ்டாண்டர்டு 2000 எல்லாம் எண்பதுகளோட முடிஞ்சது. அப்போ உங்க பரண் மேலயும் பின்பக்க குடோன்லயும் கம்பெனி டப்பாவோட கிடக்கிற கிராங்கு, கேம் ஷாஃப்ட், ஸ்டப் ஆக்சில், பிரேக் டிரம் இதெல்லாம்தான் மிச்சம், இனிமே அந்த தரத்துல யாரும் அடிச்சு கொடுக்கப்போறதில்ல. அது விக்காம கிடக்கட்டும், இன்னும் பத்து வருஷம் கழிச்சு கூட எவனாவது தேடி வருவான். ஆனா துரு ஏறி கிடந்தா அவன் வந்து என்ன பிரயோஜனம், அதுக்காகத்தான் இந்த மடல்.

பேர் சொல்ல விரும்பல, ஒரு கடைல பழைய 1489 சிசி அம்பாசடர் இன்ஜினுக்கு ஸ்டாண்டர்டு சைஸ் கிராங்கு ஒன்னு இருக்குன்னு கூப்பிட்டாங்க, ஓடினேன். நிஜமாவே புதுசு, ஒரு தடவ கூட இன்ஜின்ல ஏறாதது. நியூஸ் பேப்பர்ல சுத்தி மரப்பலகை மேல படுக்க வச்சிருந்தாங்க. பிரிச்சா பேப்பர் ஜர்னலோட (பேரிங் உக்காருற வழவழப்பான உருளை பாகம்) ஒட்டிக்கிட்டு கிழிஞ்சு வருது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடா பழுப்பு, பலகை மேல உக்காந்திருந்த பக்கம் குழி குழியா அரிச்சிருக்கு, நகத்த வச்சு இழுத்தா தட்டுது. நடு ஜர்னல்ல ஒரு கட்டவிரல் ரேகை, வளையம் வளையமா, துருவாலேயே பதிஞ்சு கிடக்கு. எப்பவோ யாரோ எடுத்து கஸ்டமருக்கு காட்டிட்டு துடைக்காம திருப்பி வச்சிருக்காங்க, கை வேர்வைல இருக்கிற உப்பு அங்கயே உக்காந்து இரும்ப தின்னிருக்கு.

கிரைண்டிங் போட்டா சரியாகும்னு கடைக்காரர் சொன்னாரு, தப்பில்ல, ஆனா கிரைண்டிங் போட்டா 10 தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அண்டர்சைஸ், குழி ஆழமா இருந்தா 20 தவ், அதுக்கேத்த பேரிங் செட்ட வேற தேடணும், ஓடாமலேயே அந்த கிராங்கோட ஒரு ஆயுசு முடிஞ்சு போச்சு. கிராங்குக்காவது இந்த வழி இருக்கு. பால் பேரிங் டிராக்ல ஒரு கடுகளவு துரு வந்தா அது பழைய இரும்பு கடைக்குத்தான்.

நான் கேட்டப்போ அவர் சொன்ன பதில் இன்னும் பல பேர் சொல்றதுதான், "குடோன்ல ஒரு சொட்டு மழைத்தண்ணி கூட ஒழுகல சார், எப்படி துரு வந்துச்சுன்னே தெரியல". ஒழுகவே வேணாம்ங்க. நம்ம கடைத்தெருவுல இருந்து மெரினா ரெண்டு மூணு கிலோமீட்டர், காத்துலயே உப்பு வருது, அது பார்ட்ஸ் மேல கண்ணுக்கு தெரியாத தூசியா படியுது. அந்த உப்பு காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து தானாவே கரைஞ்சு ஒரு தண்ணி படலம் போட்டுக்கும். காத்துல ஈரப்பதம் 60 சதவீதத்த தாண்டினாலே இரும்புல துரு வேகம் எடுக்கும், உப்பு படிஞ்சிருந்தா அதுக்கும் கீழயே ஆரம்பிச்சிடும், நம்ம ஊர்ல ராத்திரில 60க்கு கீழ இறங்குற நாள எண்ணிடலாம். இன்னொரு கணக்கு சொல்றேன், 32 டிகிரி சூட்டுல ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கிற காத்து சுமார் 27 டிகிரிக்கு குளிர்ந்தாலே தண்ணியா உக்காந்துடும். வெறும் 5 டிகிரி. பகல்ல சாயங்காலம் வரைக்கும் ஷட்டர் திறந்து வச்சு அந்த காத்த உள்ள விட்டுட்டு ராத்திரி சாத்திட்டு போறீங்க, விடியக்காலைல ஒரு டன் இரும்பு ஜில்லுனு கிடக்கு, அது மேலதான் அந்த தண்ணி இறங்கும். காலைல நீங்க வந்து திறக்கிறதுக்குள்ள காஞ்சும் போயிடும், அதனாலதான் யாரும் பாத்ததில்ல.

சிமெண்ட் தரை இன்னொரு வில்லன். தரைக்கு அடில இருந்து ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும், டிரம்மையும் ஸ்பிரிங் பட்டையையும் நேரா தரைல அடுக்காதீங்க, கீழ பாலிதீன் ஷீட்ட விரிச்சு அது மேல பேலட்டு போட்டு சுவத்துல இருந்தும் ஒரு சாண் தள்ளி வைங்க. சாக்கு வேணாம், நியூஸ் பேப்பர் வேணாம், ரெண்டும் ஈரத்த குடிச்சு வச்சுக்கிட்டு இரும்போட ஒட்டி நிக்கும், பேப்பர்ல புளிப்புத் தன்மை வேற இருக்கு. அறுத்து நாளாகாத பச்சை மரப்பெட்டில இருந்தும் ஆசிட் ஆவி வரும். பேட்டரி சார்ஜ் போடுற இடமும் பாத்ரூம் ஆசிட் பாட்டிலும் பார்ட்ஸ் இருக்கிற ரூம்ல இருக்கவே கூடாது, மூடி லேசா லூசா இருந்தா போதும், மொத்த அலமாரியும் ஒரு மழைக்காலத்துல செவந்துடும்.

இப்ப வேஸ்ட் ஆயில் விஷயம், இதுக்கு நெறைய பேர் என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. வண்டில இருந்து இறக்கின கருப்பு ஆயில பட்டை மேலயும் டிரம் மேலயும் தடவி வைக்கிறது நம்ம ஊர் பழக்கம், காலங்காலமா பண்றோம்னு சொல்லுவீங்க. அந்த ஆயில் ஏன் கருப்பாச்சுன்னு யோசிங்க, இன்ஜின்ல எரிஞ்சதோட கரி, ஆசிட், கொஞ்சம் தண்ணி எல்லாம் அதுக்குள்ள இருக்கு, இன்ஜின காப்பாத்த அதுல போட்டிருந்த மருந்து தீர்ந்து போனதாலதான் கழட்டி ஊத்துறோம். கேட்டு கீலுக்கு தடவுங்க, சரி. மெஷின் ஃபினிஷ் பண்ணின ஜர்னலுக்கும் கியர் பல்லுக்கும் தடவாதீங்க. அதே மாதிரி டபிள்யூடி 40, நல்ல சாமான்தான், அது முதல்ல தண்ணிய விரட்டுறதுக்குன்னே கண்டுபிடிச்சது, ஆனா அதோட பெரும்பகுதி ஆவியாகிடும், மிச்சம் நிக்கிறது ரொம்ப மெல்லிசான படலம். ஈரத்த எடுக்க அத அடிங்க, அதோட விட்டுட்டு வருஷக்கணக்குல வைக்காதீங்க.

எனக்கு ஆத்தாமையா இருக்கிற விஷயம் ஒன்னு சொல்லணும். இதே சென்னைல அம்பத்தூர்லயும் பாடிலயும் ஸ்ரீபெரும்புதூர்லயும் சின்ன மெஷின் ஷாப் வச்சிருக்கிறவங்க கூட பார்ட்ஸ கழுவி, ஆர்பி ஆயில்ல முக்கி, விசிஐ கவர் போட்டுதான் அனுப்புறாங்க, அது கப்பல்ல வாரக்கணக்குல கடல் காத்த தாண்டி போய் வெளிநாட்டுல பளபளன்னு பிரியுது. சாமானும் இங்கயே கிடைக்குது, விஷயம் தெரிஞ்சவங்களும் இங்கயே இருக்காங்க. ஆர்பி ஆயில்னா துரு தடுக்கிறதுக்குன்னே இருக்கிற ஆயில், காஸ்ட்ரால்ல ரஸ்டிலோன்னு வருது, மத்த கம்பெனிலயும் இருக்கு. விசிஐ பேப்பர்ல இருந்து ஒரு மருந்து ஆவியா கிளம்பி இரும்பு மேல போய் படியும், ஆனா கவர் மூடி இருந்தாத்தான், திறந்த அலமாரில சும்மா சுத்தி வச்சா ஆவி பறந்து போய் அது வெறும் பிரவுன் பேப்பர். பித்தளை, செம்பு இருக்கிற கார்பரேட்டர் மாதிரி சாமானுக்கு இரும்புக்குன்னு மட்டும் போட்ட பேப்பர வாங்காதீங்க, எல்லா உலோகத்துக்கும்னு கேட்டு வாங்குங்க.

செய்யிறது பெரிய வேலை இல்ல. கைல கிளவுஸ் போட்டுக்கிட்டு பழைய கிரீஸ், தூசி எல்லாம் கழுவி எடுத்துட்டு பனியன் வேஸ்ட்டால துடைச்சு, ஒரு மணி நேரம் நல்ல வெயில்ல வச்சு சூடு ஏத்தி, அந்த சூடு லேசா இருக்கும்போதே ஆர்பி ஆயில்ல முக்கி வடிய விட்டு, விசிஐ பேப்பர் சுத்தி கெட்டி பாலிதீன்ல போட்டு வாய ஒட்டிடுங்க. உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பை. நீலம் பிங்க் ஆனாலோ ஆரஞ்சு பச்சை ஆனாலோ அது நிரம்பிடுச்சுன்னு அர்த்தம், அந்த குண்டு மணிய 120 டிகிரில ரெண்டு மூணு மணி நேரம் காய வச்சா திரும்ப வேலை செய்யும், சமையல் பண்ற அடுப்புல மட்டும் வேணாம், நீலத்துல கோபால்ட் இருக்கு. பீரோல தொங்க விடுற, தண்ணி சேருற டப்பா இருக்கே அது வேணாம், அதுல சேருறது உப்புத்தண்ணி, சாய்ஞ்சா போச்சு.

எல்லா பார்ட்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாதுங்கிறதையும் சொல்லிடறேன். கம்பெனி பேக்கிங் பிரியாத பேரிங்க கழுவவே கழுவாதீங்க, அதுல இருக்கிற ஆயில்தான் அதுக்கு காவல். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் பட்ட இடத்துல சாதா கிரீஸோ ஆயிலோ பட்டா ரப்பர் ஊதிடும், அதுக்கு சிவப்பு ரப்பர் கிரீஸ்தான். டிரம்முக்கு ஆயில் போடலாம், மாட்டுறதுக்கு முன்னாடி தின்னர்ல நல்லா கழுவணும்னு டப்பா மேல எழுதி வைங்க. பிரேக் ஷூவும் கிளட்ச் பிளேட்டும் ஆயில் சாமான் பக்கத்துலயே வரக்கூடாது. கிராங்க நிக்க வச்சு சாயாம கட்டி வைங்க. மட்கார்டு, டோரு மாதிரி பாடி பார்ட்ஸ்ல பிரைமர் அடிச்சிருக்கு கவலை இல்லைன்னு நினைக்கிறீங்க, சாதா பிரைமர் ஈரத்த உள்ள விடும், பெயிண்ட்டுக்கு அடில ஒட்டுறதுக்கு போட்டது அது, மேல துரு தெரியிற நேரத்துல உள் மடிப்புல ஓட்டையே விழுந்திருக்கும். அந்த மடிப்புக்குள்ள மெழுகு ஸ்ப்ரே அடிச்சு வைங்க, குரோம் பம்பருக்கும் மெழுகு.

வெள்ளம் வந்தா என்ன பண்றதுன்னு 2015லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் பாத்தோம், புதுப்பேட்டை கூவத்த ஒட்டியே இருக்கு. தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் முதல்ல ஆயில் ஊத்துவாங்க, அது தப்பு, அழுக்கும் உப்பும் ஆயிலுக்கு அடில மாட்டிக்கும். முதல்ல நல்ல தண்ணில, முடிஞ்சா வெந்நீர்ல கழுவுங்க, உடனே துடைங்க, டபிள்யூடி அடிங்க, காய வைங்க, அதுக்கு அப்புறம்தான் ஆர்பி ஆயில்.

செலவு யோசிப்பீங்க. ஒரு கிராங்குக்கு ஆகுற பேப்பர், கவர், ஆயில் காசு அந்த கிராங்கு விக்கிற விலைல ஒரு மூலைக்கு வராது. துரு இல்லாத ஒரிஜினல் சரக்குக்கு நீங்க சொல்ற விலைய பேரம் பேசாம கொடுக்கிற ஆளுங்க கோயம்புத்தூர், கேரளா, கல்கத்தான்னு எல்லா பக்கமும் இருக்காங்க, அவங்களுக்கு பார்சல்ல போய் சேந்து பிரிச்சதும் செவப்பா இருந்தா அடுத்த தடவ உங்களுக்கு போன் வராது. எங்க பக்கமும் ஒரு பொறுப்பு இருக்கு, கஸ்டமருங்க வெறும் கையால எடுத்து தடவி பாக்கிறத நிறுத்தணும், கவர் மேலயே பார்ட் நம்பரும் ஒரு போட்டோவும் ஒட்டி வச்சீங்கன்னா பிரிக்கச் சொல்லி கேக்க மாட்டோம். பிரிச்சே ஆகணும்னா காட்டிட்டு ஒரு துடை, ஒரு ஆயில், அப்புறம் உள்ள.

கவர் மேல இன்னொன்னும் எழுதணும், கடைசியா ஆயில் போட்ட மாசமும் வருஷமும். ஆர்பி ஆயில் எவ்வளவு நாள் தாங்கும்கிறது ரகத்துக்கு ரகம் மாறும், டின்லயே போட்டிருப்பாங்க, அந்த கெடு முடியிறதுக்குள்ள திரும்ப ஒரு கை பாத்துடணும். பரண் மேல இருக்கிறத முதல்ல எடுக்காதீங்க, தரைல கிடக்கிறதுல இருந்து ஆரம்பிங்க, அதுலயும் கிராங்கு, கேம், கியர் முதல்ல, பட்டையும் டிரம்மும் அப்புறம். ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி ஆவணி புரட்டாசிலயே முடிச்சிட்டா நல்லது. ஆள் பத்தலன்னா சொல்லுங்க, பழைய வண்டி வச்சிருக்கிற நாங்க நாலஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை கிளவுஸும் பனியன் வேஸ்ட்டும் எடுத்துக்கிட்டு வர தயாரா இருக்கோம், கூலி வேணாம், ஆயிலும் பேப்பரும் மட்டும் நீங்க வாங்கி வச்சிடுங்க.