கும்மியில் விசுவாசப் பிரமாணம்: சபையாருக்கு நன்றி

அன்பான சபையாருக்கு, இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

எழுத்து தெரியாதே என்று, நற்கருணை பெற ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்புக்கு வரக் கூசிய அக்காமார், சபையார் கூடி உண்ணும் இந்த அசனப் பண்டிகையில், நம் விசுவாசத்தை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் முழுவதையும் கும்மியடித்துப் பாடிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து வாழ்த்துகிறீர்கள். அந்த வாழ்த்தை உரியவர்களிடம் சேர்க்கத்தான் இந்த மடல்.

முதலில் பீடி சுற்றும் அக்காமார். மடியில் சொளகு, கையில் இலை, வாயில் பாட்டு என்றுதான் ஒவ்வொரு அடியும் பழகியது. பிரமாணத்தில் வரும் பொந்தியு பிலாத்து என்ற பெயர் மட்டும் கும்மிக்குள் அடங்கவில்லை. அந்தப் பெயரை விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னபோது, மூத்த அக்கா ஒருவர், "பிரமாணத்துல இருக்குல்லா, நாம எப்படி விடலாம்?" என்றார். சொளகை இறக்கி வைத்தார், கைதட்டிப் பார்த்தார், தட்டு விழும் இடத்தில் பெயரைப் பொருத்திக் கொடுத்தார்:

பொந்தியு பிலாத்துவின் காலத்திலே – அவர்
பொறுமையாய்ப் பாடுகள் பட்டாரடி

எவ்வளவு சரியான பிடிவாதம்! ஆண்டவர் பாடுபட்டது ஏதோ ஒரு காலத்துக் கதையல்ல, ஒரு தேசாதிபதியின் ஆட்சியில் உண்மையாக நடந்தது என்று சாட்சி சொல்வதே அந்தப் பெயர்தானே.

மோனை தவறிய இடமெல்லாம் திருத்தித் தந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு நன்றி. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை எனக்குக் காட்டியவரும் அவரே. 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சாவூரில் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர் சாஸ்திரியார். ஜனங்கள் ஏற்கெனவே ரசித்துக்கொண்டிருந்த குறவஞ்சியையும் கும்மியையும் எடுத்து வேதத்தைச் சொன்னார். பெத்லகேம் குறவஞ்சியில் தலைவன் இயேசு, தலைவி சீயோன் குமாரி தேவமோகினி. பாட்டு பிடித்துப்போனால் உபதேசம் தானாக மனதில் தங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் நடந்தது அவர் போட்ட பாதையில்.

பிரசங்க நேரத்தைச் சுருக்கி எங்களுக்கு இடம் தந்த குருவானவர், டோலக் வாசித்த தம்பி, பந்தலுக்கு விளக்குக் கட்டிய வாலிபர்கள், கடுங்காப்பி போட்டுத் தந்த வீடுகள், எல்லாருக்கும் நன்றி.

அடுத்தது பத்துக் கற்பனைகள், அதாவது வேதத்தின் பத்துக் கட்டளைகள். ஓய்வுநாள் கற்பனை நீளமானது, இன்னும் தாளத்துக்கு வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பழைய பள்ளிக்கூடத் திண்ணையில் கூடுகிறோம். ஆண்களும் வாருங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
ஞானோபதேச வகுப்பு ஆசிரியர்