பழைய மஞ்சள் வண்டியும் இந்த ஆண்டுக் கணக்கும்

சஸ்கட்டூன், கனடா,
நவம்பர் 2021

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தொலைபேசியை எடுக்கவும் நேரமில்லாத அளவுக்கு உனக்கு வேலை இருப்பதாகச் சித்தப்பா சொன்னார். அறுவடை முடிந்து, இயந்திரங்களெல்லாம் கொட்டகைக்குள் போய், நிலமும் உறைந்துவிட்ட பிறகு அப்படி என்ன வேலை என்றுதான் எனக்கு விளங்கவில்லை. சரி, அதை விடு. கடிதமென்றால் உனக்கு வசதியான நேரத்தில் படித்துக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற வாரம் சித்தப்பா என்னை ரோஸ்டவுனுக்கு அழைத்துச் சென்றார். விவசாயிகள் கூடிப் பேசும் அந்தக் காபி மேசையில் உன் அப்பாவின் நண்பர்கள் எல்லோரும் இருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அங்கே முதலில் எழுந்த பேச்சே பழைய ஸ்னோமொபைல்களை, அந்தப் பனி வண்டிகளைப் பற்றித்தான், ஏனென்றால் அறிவிப்புப் பலகையில் '1971 ஸ்கீ-டூ இலான், மஞ்சள் நிறம், ஓடும் நிலையில், விற்பனைக்கு' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. கீழே இருந்த எண் உன்னுடையது என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆனால் என் எதிரில் யாரும் உன் பெயரைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, ஒற்றைச் சிலிண்டர் ரோடாக்ஸ் எஞ்சினுக்குப் பெட்ரோலில் எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும் என்று நீண்ட நேரம் வாதிட்டார்கள். மினசோட்டாவின் ரோசோவில் செய்த போலாரிஸ்தான் குளிரில் முதல் இழுப்பிலேயே கிளம்பும் என்றார் ஒருவர். ஜான் டியர் நிறுவனம் 1980களில் பனி வண்டி செய்வதையே விட்டுவிட்ட பிறகும் தன் பச்சை வண்டியைக் கைவிடாத இன்னொருவர், பழைய வண்டிகளுக்கு பெல்ட் கிடைக்காமல் தான் படும் பாட்டைச் சொன்னார். சித்தப்பா மட்டும், அந்த இலானைத் தாத்தா வாங்கிவந்த குளிர்காலத்தில் தானும் உன் அப்பாவும் யார் முதலில் ஓட்டுவது என்று சண்டையிட்டதைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு காபியைத் தொடவே இல்லை.

அந்த வண்டியை நீ விற்க வேண்டாம். அதற்குக் கிடைக்கும் பணம் உன் கடனில் ஒரு மூலையைக்கூட அடைக்காது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். கோடையில் பசுக்களை விற்றாய். தீவனம் இல்லை, அதனால் அது எனக்குப் புரிந்தது. அப்பாவின் கைக்கடிகாரத்தை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைக்கு ஆசையாக இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது வண்டி. ஒருவன் தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிறர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தால் அவனைப் பெற்றவளுக்குத் தூக்கம் வராது என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஸ்கீ-டூவைக் கண்டுபிடித்த பொம்பார்டியேரைப் பற்றித் தாத்தா சொல்லும் கதை உனக்கு நினைவிருக்கும். 1934 குளிர்காலத்தில் கியூபெக்கின் வல்கூரில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு உடம்பு மோசமாகி, பனி மூடிய சாலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது. பனியின் மேல் ஓடும் வண்டிகளுக்காக அவர் அதற்கு முன்பே பாடுபட்டுக்கொண்டிருந்தார். 1937இல் காப்புரிமை வாங்கி, 1959இல் ஸ்கீ-டூவை விற்பனைக்குக் கொண்டுவரும் வரையில் விடவில்லை. அன்று காபி மேசையில் ஒருவர் அந்தக் கதையைத் தொடங்கியபோது நான் எழுந்து போய்ச் சன்னலருகில் நின்றுகொண்டேன்.

பிறகு பேச்சு விலைக்குத் திரும்பியது. அங்கே நான் கேட்டதை நீயும் கேட்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எண்ணெய் வித்துகளில் கனோலாவின் விலை ஒரு புஷெல் அளவுக்கு 20 டாலரைத் தாண்டிவிட்டது. இப்படி ஒரு விலையை அந்த மேசையில் யாரும் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை, ஆனால் விற்பதற்கு யாரிடமும் கனோலா இல்லை. ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டனை 49.6 டிகிரிக்குக் கொண்டுபோன அதே வெப்பம் மலையைக் கடந்து நம் சமவெளிக்கு வந்தபோது கனோலா பூவில் நின்றது; பூக்கள் காயாகாமலே உதிர்ந்தன. நாடு முழுவதற்குமான கோதுமை விளைச்சலே சென்ற ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்திருக்கிறது. கனோலாவில், அந்த மேசையில் ஏக்கருக்கு 9 புஷெல் கண்டவரும் உண்டு, 5 கண்டவரும் உண்டு.

உன் ஒப்பந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். நீ சொல்லவில்லை, ஆனால் பிப்ரவரியில் நீ தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்ன எண்கள் என் நினைவில் இருக்கின்றன: 1,200 ஏக்கர், ஏக்கருக்கு 20 புஷெல் கனோலா தருவதாகத் தானிய நிறுவனத்தோடு ஒப்பந்தம், விலை புஷெலுக்கு 13 டாலர். வழக்கமாக 40 விளையும் நிலத்தில் 20க்கு ஒப்புக்கொள்வது எந்த விதத்திலும் பேராசை ஆகாது. விளைந்தது 9 என்றால் குறைவு 13,200 புஷெல். இன்றைய விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் இடையிலான 7 டாலரால் பெருக்கினால் 92,400 டாலர், அதற்கு மேல் அந்த நிறுவனத்தின் கட்டணம். கனோலா ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் வறட்சிக்கு விலக்கு கிடையாது. விளையாத தானியத்தைச் சந்தை விலைக்கு நீயே வாங்கிக் கொடுப்பது போலத்தான் அது ஆகிறது. உன் அப்பா எந்த ஆண்டும் கால் பங்குக்கு மேல் முன்கூட்டி எழுதிக் கொடுத்ததில்லை; அதை நான் உனக்கு அப்போதே சொன்னேன், நீயும் கேட்டிருக்கலாம். ஆனால் இந்த ஆண்டு கால் பங்கை எழுதிக் கொடுத்தவர்களும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். மேசையில் இருந்தவர்களில் இருவர் தாங்கள் கட்ட வேண்டிய தொகையை வெளிப்படையாகச் சொன்னார்கள். ஒன்று உன்னுடையதைவிடப் பெரியது. மாகாண விவசாயிகள் சங்கமே தானிய நிறுவனங்களிடம் அபராதத்தைக் குறைக்கும்படி கேட்டிருக்கிறது. சங்கமே பேச வேண்டி வந்த ஒரு காரியத்தை, கொட்டகையில் தனியே உட்கார்ந்து உன் ஒருவன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

நீ இதற்கெல்லாம் கலங்குகிறவன் அல்ல. 2017 டிசம்பரில் இந்தியா பருப்புக்கு 30 விழுக்காடு இறக்குமதி வரி போட்டபோது ஊரே பதறியது. நீ மட்டும் நிதானமாக அடுத்த விதைப்பில் மைசூர்ப் பருப்பின் பரப்பைக் குறைத்தாய். 2019இல் சீனா நம் நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களின் கனோலாவை நிறுத்தியபோதும், அவசரப்பட்டு விற்காமல் தொட்டியில் வைத்துக் காத்திருந்தாய். உன் அப்பாவுக்கு இல்லாத பொறுமை உனக்கு இருக்கிறது என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. அதே நிதானத்தோடு காபி மேசைக்குப் போய் வா. போய்ப் பேச வேண்டும் என்றில்லை, உட்கார்ந்திருந்தால் போதும்.

வீட்டுக் கணக்கேடுகள் என்னிடம்தான் இருக்கின்றன, நேற்று எடுத்துப் பார்த்தேன். 1981இல் வங்கி வட்டி 20 விழுக்காட்டைத் தாண்டியது. 2002 வறட்சியில் ஒன்டாரியோ விவசாயிகள் நமக்கு முகம் தெரியாமலே ரயிலில் வைக்கோல் அனுப்பினார்கள். உன் அப்பா அதைப் பெற்றுக்கொள்ள மறுத்து, பிறகு நான் சொல்லிப் போய் ஏற்றிவந்தார், அதற்காக ஊரில் யாரும் அவரைக் குறைவாக நினைக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் ஏட்டில் ஆகஸ்டுக்குப் பிறகு அவர் கையெழுத்தே இல்லை, எல்லாம் என்னுடையது. அந்தக் குளிர்காலத்தில் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி எங்கே என்று நீ கேட்டாய்; பழுதுபார்க்கச் சித்தப்பா எடுத்துப் போயிருக்கிறார் என்று சொன்னேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தத் துப்பாக்கியில் எந்தப் பழுதும் இல்லை. வசந்தத்தில் அப்பா மறுபடி விதைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான் சித்தப்பா அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். இதை நான் இதுவரை உன்னிடமோ அக்காவிடமோ சொன்னதில்லை.

இந்த ஆண்டு மான் வேட்டைக்குச் சித்தப்பா அதே துப்பாக்கியைக் கேட்கிறார். அவரிடம் சொந்தமாக ஒன்று இருக்கிறதே என்று நீ கேட்கலாம். கேட்காமல் கொடுத்துவிடு, தோட்டாக்களையும் சேர்த்துக் கொடுத்துவிடு. அம்மாவுக்காகக் கொடு. வசந்தம் வரை அது அவரிடமே இருக்கட்டும்.

பயிர்க் காப்பீட்டுக்காரர் வந்து தொட்டிகளை அளந்துவிட்டாரா? வருமானம் விழுந்தால் அரசு கைகொடுக்கும் அந்த அக்ரிஸ்டெபிலிட்டி திட்டத்தின் படிவம் அனுப்பினாயா? அந்தத் தானிய நிறுவனத்தின் கடிதத்துக்கு நீயே பதில் எழுதாதே. குறைவைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்து, புதிய விளைச்சலில் கழித்துக்கொள்ளும்படி கேட்டு ஒத்துக்கொள்ள வைத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் உன்னோடு வருவதாகவும் சொன்னார். பச்சை வண்டி வைத்திருக்கும் அந்தப் பெரியவர் என்னைத் தனியே அழைத்து, விவசாயிகளுக்கென்று மாகாணத்தில் இருக்கும் மனஅழுத்த உதவித் தொலைபேசியில் தான் செப்டம்பரில் பேசியதாகவும், பகலிலும் இரவிலும் எடுக்கிறார்கள் என்றும், அதை உன்னிடம் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். அவ்வளவு கூச்சமுள்ள மனிதர் என்னிடம் அதைச் சொல்லியிருக்கிறார் என்றால் அது உனக்காகத்தான். அந்த எண்ணை இந்தத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். வங்கியும் நிறுவனமும் அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்த எண்ணுக்குப் பேசு. இல்லையென்றால் என்னிடம் பேசு. எந்த நேரமானாலும் நான் எடுப்பேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது சித்தப்பா துப்பாக்கிக்காக ஏற்கெனவே வந்திருப்பார், இன்றே போகச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை நானும் அவருடன் வந்து சில நாள் அங்கேயே தங்குவேன், அக்காவும் வருவாள். பலகையில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்து என் பையில் வைத்திருக்கிறேன், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே. ஒப்பந்தத் தாள்கள், வங்கிக் கடிதங்கள், காப்பீட்டுத் தாள்கள் எதையும் ஒளிக்காமல் சமையலறை மேசையில் எடுத்து வை, நானும் நீயும் சேர்ந்து கணக்குப் போடுவோம்.

அன்புடன்,
அம்மா