தலைகீழாகப் படிக்கப் பழகியவன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த அரூப அச்சோவியங்கள் (கட்டையிலோ தகட்டிலோ கல்லிலோ ஆக்கி அச்செடுக்கும், உருவம் காட்டாத ஓவியங்கள்) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மரச்செதுக்கு, எட்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து அச்செடுப்பது), கல்லச்சு என்று முறைகளை விளக்கிய பகுதி நன்றாக இருந்தது. ஆனால் மொழி நின்றுபோகும் இடத்தில்தான் இந்த ஓவியங்கள் தொடங்குகின்றன என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் 26 ஆண்டுகள் எழுத்துக் கோத்தவன் நான். எழுத்து எங்கே முடிந்து படம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஈய எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கும். அதை ஸ்டிக்கில், அதாவது கையில் பிடிக்கும் கோப்புச் சட்டத்தில், தலைகீழாக நிறுத்தி, இடமிருந்து வலமாகக் கோப்போம். முதல் ஆறு மாதம் 'ழ' எனக்கு எழுத்தாகவே தெரியவில்லை; ஒரு சுழி, ஒரு கொக்கி, அவ்வளவுதான். கேஸில் (எழுத்துப் பெட்டியில்) ஓர் எழுத்து தீர்ந்துபோனால், அதே அளவில் வேறொன்றைக் கவிழ்த்துக் குத்திவைப்போம். திருத்தம் பார்க்க எடுக்கும் புரூப்பில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டைகள் விழும்.

மை சீராகும்வரை டிரெடில் என்னும் மிதி அச்சு இயந்திரத்தில் பழைய தாளையே திரும்பத் திரும்பக் கொடுப்பது வழக்கம். கல்யாணப் பத்திரிகையின் மேல் கருமாதி அறிவிப்பு, அதன் மேல் தேர்தல் நோட்டீஸ். ஒரு சொல்லும் படிக்க முடியாது. தூக்கிப்போட மனம் வராமல் வீட்டுக்கு எடுத்துவருவேன். என் மகள் அவற்றைத்தான் பள்ளி நோட்டுகளுக்கு அட்டையாகப் போட்டாள். கட்டுரையில் உள்ள முதல் படத்தைப் பார்த்ததும் அவளுடைய கணக்கு நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

தமிழில் எழுதுவது என்றாலே வரைவதும்தான். கண்ணெழுதுதல், தொய்யில் (பெண்களின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் வரையும் கோலம்) எழுதுதல், ஓவியம் எழுதுதல் என்று பழைய வழக்குகள் எத்தனை! சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்துப் போன்ற கோடுகள் நிறைந்திருக்கும். படிக்கப் போனால் பிடிகொடுக்காது. அவர் வண்ண ஓவியர், அச்சோவியர் அல்லவே என்பீர்கள். இருக்கட்டும், சென்னையில் இந்தப் பேச்சை அவரை விட்டுவிட்டா தொடங்குவது? எழும்பூர் ஓவியப் பள்ளி தொடங்கியது 1850இல். அதற்கு வெகு முன்பே, 1779இல், வேப்பேரியில் தமிழ் அகராதி ஒன்று அச்சாகியிருக்கிறது. இந்த ஊரில் எழுத்து அச்சுதான் மூத்தது.

எங்கள் அச்சகத்தை மூடியபோது ஈயம் எடைக்குப் போனது. போஸ்டருக்கு வைத்திருந்த மர எழுத்துகளை ஓவியம் படிக்கும் பையன் ஒருவன் வாங்கிப்போனான். சில மாதம் கழித்து ஓர் அச்சைக் கொண்டுவந்து காட்டினான். 'ண' மட்டும், ஒன்றின்மேல் ஒன்றாகப் பல முறை. தூரத்திலிருந்து பார்த்தால் காசிமேட்டில் உலரும் வலைக் குவியல் மாதிரி இருந்தது. எந்த எழுத்து என்று அவன் சொல்லவில்லை. முதல் சுழியில் இருந்த விரிசலைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். எங்கள் 'ண'.

கடைசியாக ஒன்று. அச்சோவியத்தின் அடியில், எத்தனை பிரதிகளில் இது எத்தனையாவது என்று பென்சிலால் குறித்துக் கையொப்பமிடுவார்கள். நீங்கள் வெளியிட்ட இரண்டாவது படத்தில் 4/15 என்ற அந்த எண் மேல் ஓரத்தில், கவிழ்ந்து கிடக்கிறது. படத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரமமில்லை, மற்ற வாசகர்களுக்காக ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.