ஆட்குறைப்பு இழப்பீட்டைச் சட்டமாக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் பொருளியல் மந்தநிலை வரும்போதெல்லாம் காப்பிக்கடைகளிலும் குடும்பக் கூடல்களிலும் அரசாங்கத்தின்மீது எழும் மனக்குறையை வெறும் புலம்பல் என்று ஒதுக்கும் போக்கு நம்மிடையே, குறிப்பாக மாதச் சம்பளம் தடையின்றி வருகிறவர்களிடையே, இருக்கிறது. "எத்தனை பில்லியன் வெள்ளி இறைத்தார்கள், இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். பணம் வந்தது உண்மைதான். அது எந்த வழியாக வந்தது, யார் கையில் சேர்ந்தது என்று பார்த்தால், அந்த மனக்குறையில் நியாயம் இருப்பது தெரியும்.

1985ஆம் ஆண்டின் மந்தநிலையைக் கண்டவர்களுக்கு நினைவிருக்கலாம். 1986 ஏப்ரலில், ஊழியரும் முதலாளியும் மாதந்தோறும் பணம் போடும் மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்திய பங்கு சம்பளத்தின் 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்டது. ஆசிய நிதி நெருக்கடியை அடுத்து 1999 ஜனவரியில் அது 20லிருந்து 10 ஆனது. 2003 அக்டோபரில் 16லிருந்து 13 ஆனது. நிறுவனங்களின் செலவைக் குறைத்து வேலைகளைக் காப்பாற்றவே அப்படிச் செய்யப்பட்டது என்ற விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் தவணையைச் சேமநிதியிலிருந்து கட்டிவந்த பல குடும்பங்கள், விழுந்த துண்டைக் கையிலிருந்து ரொக்கமாகப் போட வேண்டியிருந்தது. இன்று 55 வயதுக்கு உட்பட்ட ஊழியருக்கு முதலாளி செலுத்துவது 17 விழுக்காடு. பழைய 25 திரும்பி வரவே இல்லை.

2009இல் அரசாங்கம் வேறு வழியைக் கையாண்டது, அதற்காகப் பாராட்டவும் வேண்டும். சேமநிதியில் கை வைக்காமல் 20.5 பில்லியன் வெள்ளி மீட்புத் தொகுப்பு அறிவிக்கப்பட்டது. அதற்கென அதிபர் எஸ் ஆர் நாதனின் ஒப்புதலுடன் முதன்முறையாக, முந்தைய அரசாங்கங்கள் சேர்த்துவைத்த கடந்தகால நிதி இருப்பு திறக்கப்பட்டது. ஒவ்வோர் ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளிக்கு 12 விழுக்காடு முதலாளிக்கு மானியமாகக் கிடைத்தது. 2020இல் கொவிட்-19 பரவியபோது இதே முறை இன்னும் பெரிய அளவில் வந்தது: ஏப்ரல், மே மாதங்களில் எல்லாத் துறைகளிலும் முதல் 4,600 வெள்ளிச் சம்பளத்தில் 75 விழுக்காட்டை அரசாங்கமே ஏற்றது. இரண்டு முறையும் பணம் முதலாளியின் கணக்குக்கே போனது. வேலையில் இருந்தவருக்குச் சம்பளம் தொடர்ந்தது, சரி. வேலையை முன்பே பறிகொடுத்தவருக்கு இந்தத் திட்டங்களால் நேரடிப் பயன் ஏதுமில்லை. அவர் மாதம் 800 வெள்ளி வரையிலான தற்காலிக மானியத்துக்கு, அதுவும் ஒரு தடவைக்கு மூன்று மாதங்களுக்கு மட்டும், தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

என் அண்டை வீட்டுக்காரர் துவாஸில் ஒரு கிடங்கில் 14 ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவரிடம் நீட்டப்பட்ட ஆட்குறைப்புக் கடிதத்தில் முன்னறிவிப்புக் காலத்துக்கான சம்பளமும் எஞ்சிய விடுப்புக்கான தொகையும் மட்டுமே குறிப்பிடப்பட்டிருந்தன. இழப்பீடு பற்றிக் கேட்டபோது, நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது என்று பதில் வந்தது. சம்பளச் சீட்டுகளையும் சேமநிதி அறிக்கையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு அவர் விசாரிக்கப் போனார். நானும் உடன் சென்றேன். முகப்பில் இருந்த இளம் அதிகாரி மிகுந்த மரியாதையோடு பேசினார். ஆனால் வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ இழப்பீடு பற்றிய விதி இல்லாதபோது, கொடுக்கும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

நம் சட்டத்தின் நிலை இதுதான். இரண்டாண்டு பணியாற்றியவர் இழப்பீட்டுக்குத் தகுதி பெறுகிறார், ஆனால் எவ்வளவு என்பதையோ கொடுத்தே ஆக வேண்டும் என்பதையோ சட்டம் சொல்வதில்லை. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம் என்று அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் ஆகிய முத்தரப்பின் ஆலோசனைக் குறிப்பு கூறுகிறது. அதன் கீழ்வரம்பின்படி பார்த்தாலும் என் அண்டை வீட்டாருக்கு 28 வாரச் சம்பளம் வந்திருக்க வேண்டும். குறைந்தது பத்துப் பேரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம், ஆட்குறைப்பு பற்றி ஊழியரிடம் தெரிவித்த ஐந்து வேலை நாள்களுக்குள் மனிதவள அமைச்சுக்கு அறிவிப்பது 2021 நவம்பர் முதல் கட்டாயம். அமைச்சுக்குச் சொல்லாவிட்டால் சட்ட மீறல். ஊழியருக்குக் கொடுக்காவிட்டால் கேள்வியில்லை!

2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை தருகிறது. 1985இன் மந்தநிலைக்கு நாற்பது ஆண்டுகள் கழித்தாவது வந்ததே என்று மகிழ்கிறேன். ஆனால் மாதம் 5,000 வெள்ளிக்குமேல் சம்பாதித்தவர் அதில் சேர முடியாது. மேலும் அது வரிப்பணம். ஊழியரின் உழைப்பால் நல்ல காலத்தில் லாபம் பார்த்த நிறுவனத்தின் பொறுப்பு இன்னமும் அதன் விருப்பத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

இழப்பீட்டைக் கட்டாயமாக்கினால் முதலீட்டாளர்கள் விலகிவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஜோகூர் பாலத்துக்கு அப்பால், மலேசியாவில், 1980ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது: ஐந்தாண்டும் அதற்குமேலும் பணியாற்றிய ஊழியருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். அதனால் அங்கே முதலீடு வராமல் போய்விடவில்லை. நம் ஊரில் ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று குறைந்தபட்ச அளவை மட்டுமாவது சட்டத்தில் வைக்கலாம். உண்மையிலேயே நொடிந்துபோன சிறு நிறுவனங்களுக்காக, லாபமுள்ள ஆண்டுகளில் முதலாளிகள் சிறு தொகை செலுத்தும் பொது நிதி ஒன்றையும் அமைக்கலாம். மனிதவள அமைச்சும் தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் இதை அடுத்த மந்தநிலைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். மந்தநிலை வந்த பிறகு கேட்டால், இப்போது நிறுவனங்களால் தாங்க முடியாது என்ற பதில்தான் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்